கிரீட்டின் தட்டும் காயலின் சஹனும்: கடலோர உணவும் மாரடைப்பும்

மத்தியதரைக் கடலோர மக்களைப் போலச் சாப்பிட்டால் மாரடைப்பு குறையுமா என்ற கேள்விக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பதில்களும் அதே அளவுக்குக் குவிந்துள்ளன. தமிழில் இந்த விவாதம் பெரும்பாலும் ஆலிவ் எண்ணெய் வாங்கலாமா, தேங்காயெண்ணெயை நிறுத்தலாமா என்பதோடு நின்றுபோகிறது. முத்துக்குளித்துறைக் கடற்கரையிலிருந்து, குறிப்பாகக் காயல்பட்டினத்திலிருந்து பார்த்தால் கேள்வி வேறு உருவம் எடுக்கிறது. திருச்செந்தூருக்கு வடக்கே, தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த ஊரில் கடல்மீன் உண்டு, பருப்பும் காயும் உண்டு, சஹன் என்னும் ஒரே தட்டைச் சுற்றி அமர்ந்து உண்ணும் வழக்கம் உண்டு, ஆண்டுதோறும் ஒரு மாத நோன்பும் உண்டு. பட்டியல் போட்டால் 1950களின் கிரீட் தீவுக்கும் இதற்கும் நிறைய ஒற்றுமை தெரியும். ஆனால் தமிழர்களுக்கு இதய நோய் குறைவு என்று மருத்துவ ஆய்வுகள் எதுவும் சொல்லவில்லை. அரை நூற்றாண்டுக்கு மேலாக அவை நேர் எதிராகவே சொல்லிவருகின்றன.

கிரீட்: அரைவயிற்று மனிதர்களின் சாப்பாடு

அமெரிக்க உடலியலாளர் ஆன்செல் கீஸ் 1950களின் தொடக்கத்தில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து உழைப்பாளிகளிடம் மாரடைப்பு அரிதாக இருந்ததைக் கவனித்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் 1958இல் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வு. அமெரிக்கா, பின்லாந்து, நெதர்லாந்து, இத்தாலி, யூகோஸ்லாவியா, கிரீஸ், ஜப்பான் ஆகிய நாடுகளில் 16 குழுக்களாக, 40 முதல் 59 வயது வரையிலான 12,763 ஆண்கள் இதில் சேர்க்கப்பட்டனர். கிழக்கு பின்லாந்தில் இதய மரணம் மிக அதிகம், கிரீட்டில் மிகக் குறைவு. கிரீட் மக்கள் உண்ட ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு கொழுப்பிலிருந்தே வந்தது. அதில் பெரும்பகுதி ஆலிவ் எண்ணெய். ஆகவே கொழுப்பின் மொத்த அளவைவிட அதன் வகையே முக்கியம், இறைச்சியிலும் வெண்ணெயிலும் உள்ள நிறைவுற்ற கொழுப்பே கேடு என்ற விளக்கம் வலுப்பெற்றது.

இதன் பலவீனங்கள் தொடக்கத்திலிருந்தே பேசப்பட்டவை. ஆறு நாடுகளை மட்டும் வைத்துக் கீஸ் முன்னர் வரைந்த ஒரு வரைபடத்தை யெருஷல்மி, ஹில்லிபோ இருவரும் 1957இலேயே கண்டித்தார்கள். 22 நாடுகளின் தரவு கையில் இருக்க ஆறை மட்டும் எடுத்தது ஏன் என்பது அவர்கள் கேள்வி. ஏழு நாடுகள் ஆய்வும் அடிப்படையில் குழுச் சராசரிகளை ஒப்பிட்டதுதான். தனி மனிதரின் தட்டுக்கும் அவருடைய இதயத்துக்கும் உள்ள உறவை அது நேரடியாகக் காட்டாது. கிரீட்டைப் பொறுத்தவரை இன்னும் இரண்டு செய்திகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ராக்கஃபெல்லர் அறக்கட்டளைக்காக லேலண்ட் ஆல்பா 1948இல் அங்கே நடத்திய கணக்கெடுப்பில், தீவு மக்கள் தங்கள் உணவில் திருப்தி இல்லை, இறைச்சி கூடுதலாக வேண்டும் என்றே சொல்லியிருந்தார்கள். உலகம் பின்னால் கொண்டாடிய உணவு, அதை உண்டவர்களுக்குப் போரும் வறுமையும் விட்டுச்சென்ற மிச்சம். இரண்டாவது, கிழக்கத்திய கிறித்தவ மரபில் ஆண்டின் கணிசமான நாட்கள் இறைச்சியும் பாலும் விலக்கிய விரத நாட்கள். உணவுக் கணக்கெடுப்பின் ஒரு பகுதி தவக்காலத்தில் விழுந்தது என்ற விமர்சனம் உண்டு.

இதற்கெல்லாம் மேல் உடலுழைப்பு. 1960இன் கிரீட் விவசாயியையும் இன்று மேசை முன் அமர்ந்திருப்பவரையும் ஆலிவ் எண்ணெய் சமன் செய்துவிடாது. நம் கரையிலும் ஏறக்குறைய அதே ஆண்டில் உடலுழைப்பின் ஒரு காலம் முடிந்தது. தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது.

சோதனைகள் சொன்னதும் திருத்திக்கொண்டதும்

ஒப்பீடுகளின் குறையைப் போக்கச் சோதனைகள் வந்தன. பிரான்சின் லியோன் நகரில் ஒரு முறை மாரடைப்பு வந்த 605 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 1994இல் வெளியானது. மத்தியதரைக் கடல் உணவுக் குழுவில் மறு மாரடைப்பும் மரணமும் பாதிக்கு மேல் குறைந்தன. எண் பெரியது, ஆனால் சோதனை சிறியது, இடையில் நிறுத்தப்பட்டதும்கூட. இதில் நமக்குப் பயன்படும் ஒரு விவரம் பலர் கண்ணில் படுவதில்லை. லியோன் நோயாளிகள் ஆலிவ் எண்ணெயை மட்டும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள் என்பதால், கனோலா எண்ணெயில் செய்த மார்கரினை ஆய்வாளர்கள் கொடுத்தார்கள். இந்த உணவின் மிகப் புகழ்பெற்ற வெற்றிகளில் ஒன்று, அந்தந்த ஊர் நாக்குக்கு எண்ணெயை மாற்றிக்கொடுத்துக் கிடைத்தது.

ஸ்பெயினின் பிரெடிமெட் சோதனை இன்னும் பெரியது. இதய நோய் இல்லாத, ஆனால் ஆபத்துக் காரணிகள் உள்ள 7,447 பேரில் ஒரு குழுவுக்கு ஆலிவ் எண்ணெய், இன்னொன்றுக்குக் கொட்டைகள், மூன்றாவதற்குக் கொழுப்பைக் குறைக்கும் அறிவுரை. 2013இல் வந்த முடிவு, இதய-மூளை நிகழ்வுகள் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவு என்றது. பின்னர் சில இடங்களில் சமவாய்ப்புப் பிரிப்பு ஒழுங்காக நடக்கவில்லை என்பது தெரியவந்தது. ஒரே வீட்டிலிருந்து வந்த இரண்டாமவர் குலுக்கல் இல்லாமலே முதலாமவரின் குழுவில் சேர்க்கப்பட்டிருந்தார். 2018இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டு, திருத்திய பகுப்பாய்வோடு மீண்டும் வந்தது. எண்கள் பெரிதாக மாறவில்லை, வார்த்தைகள் அடக்கமாயின. பயன் தெளிவாகத் தெரிந்தது பக்கவாதத்தில். மாரடைப்பைத் தனியாக எடுத்தால் புள்ளியியல் உறுதி இல்லை.

2022இல் ஸ்பெயினின் கோர்டோபா நகரிலிருந்து வந்த கோர்டியோப்ரெவ் சோதனை ஏற்கெனவே இதய நோய் உள்ள 1,002 பேரை 7 ஆண்டுகள் பின்தொடர்ந்தது. கொழுப்பு குறைந்த உணவைவிட மத்தியதரைக் கடல் உணவு மேல் என்று அது கண்டது. ஆண்களிடம்தான் அந்தப் பயன் தெளிவு, பெண்கள் அதில் குறைவாகவே இருந்தனர். அதற்கு முன்பே, அதுவரை வந்த சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2019இன் காக்ரேன் மதிப்பீடு, சான்றுகளின் தரம் பெரும்பாலும் தாழ்வு முதல் நடுத்தரம் வரை என்றது. பயன் இருக்கலாம், அளவைத்தான் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்பதே இந்தப் பகுதியின் நியாயமான கூற்று.

மொரதாபாத்தின் நிழல்

இந்தியாவுக்கென்று ஒரு பதில் இருந்தது. உத்தரப் பிரதேசத்தின் மொரதாபாத்திலிருந்து 1,000 பேரைக் கொண்டு நடந்த இந்தோ-மத்தியதரைக் கடல் உணவு ஆய்வு 2002இல் லான்செட்டில் வந்தது. கடுகெண்ணெய் அல்லது சோயா எண்ணெய், கொட்டைகள், முழுத்தானியம், காய், பழம் என்று இந்தியத் தட்டிலேயே பாதுகாப்பு சாத்தியம் என்றது. 2005இல் அந்த இதழே ஆய்வின் நம்பகத்தன்மை குறித்து முறையான கவலைக் குறிப்பு வெளியிட்டது. அதே ஆய்வுக் குழுவின் 1992ஆம் ஆண்டுக் கட்டுரை குறித்துப் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலும் அவ்வாறே செய்தது. ஆகவே இந்திய உணவுக்கும் இது பொருந்தும் என்று எழுதும் தமிழ்க் கட்டுரைகள் இந்த ஆய்வைத் தூணாகப் பிடிப்பது சரியல்ல. கருத்து தவறு என்று இதனால் ஆகிவிடாது. ஆனால் இன்னும் நிரூபிக்கப்படவில்லை.

தெற்கத்திய முரண்

இனி எதிர்ப் பக்கம். சிங்கப்பூரில் 1950களில் நடந்த பிணக்கூறாய்வுகளைத் தொகுத்த டி. ஜே. தனராஜும் உடன் பணியாற்றியவர்களும், அங்குள்ள இந்தியர்களிடம் இதயத் தமனி நோய் சீனர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்று 1959இல் எழுதினார்கள். அந்த இந்தியர்களில் பெரும்பான்மையோர் தமிழர்கள். 1967இல் ரயில்வே மருத்துவ அதிகாரி எஸ். எல். மல்ஹோத்ரா இன்னும் அதிர்ச்சியான கணக்கைக் கொண்டுவந்தார். ரயில்வே ஊழியர்களில் தென்னிந்தியரின் இதய மரண விகிதம் பஞ்சாபியரைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு. ஆனால் நெய்யும் பாலுமாகக் கொழுப்பைப் பல மடங்கு அதிகம் உண்டவர்கள் வடக்கத்தியர்தான். தெற்கத்தியர் விதை எண்ணெய்களைக் குறைவாகவே பயன்படுத்தினர். மென்று தின்னும் பழக்கம், நார்ச்சத்து, புளித்த பால் பொருட்கள் ஆகியவற்றில் மல்ஹோத்ரா விளக்கம் தேடினார்.

கீஸுக்கு எதிரான ஆயுதமாக இந்தக் கட்டுரை இன்றும் எடுத்தாளப்படுகிறது. கொஞ்சம் நிதானம் தேவை. மரணச் சான்றிதழில் எழுதிய காரணத்தை நம்பிய கணக்கு அது. பணி ஓய்வுக்குப் பின் நேர்ந்த மரணங்கள் அதில் இல்லை. பெரும் இடைவெளி நிலைக்கவும் இல்லை. மாநில வாரியாக நோய்ச்சுமையைக் கணக்கிட்டு 2018இல் வெளியான மதிப்பீட்டில், இதய-இரத்தநாள நோய்கள் மிகுந்த மாநிலங்களாகக் கேரளம், பஞ்சாப், தமிழ்நாடு மூன்றும் ஒரே வரிசையில் நிற்கின்றன. நெய் மாநிலமும் தேங்காய் மாநிலமும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டன. ஒரு கொழுப்பைக் குற்றவாளியாக்கும் எந்தக் கதைக்கும் இது சங்கடம்.

மாறாமல் நிற்பது வயது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின் தெற்காசியப் பகுதி 2007இல் தனியாக வெளியானது. முதல் மாரடைப்பின் சராசரி வயது தெற்காசியரிடம் 53, மற்றவரிடம் ஏறத்தாழ 59. இதற்கு மரபணுக் காரணம் சொல்பவர்களும் உண்டு. ஆனால் புகை, சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், இடுப்புச் சுற்றளவு, காய்-பழக் குறைவு போன்ற வழக்கமான காரணிகளே இளவயது மாரடைப்பின் பெரும்பகுதியை விளக்கிவிடுகின்றன என்பதுதான் அந்த ஆய்வின் முடிவு.

தேங்காய் மேல் போட்ட வழக்கு

காயல்பட்டினத்துச் சமையலில் இலங்கையின் கை தெரியும். கொழும்புக்கும் இந்த ஊருக்கும் நூற்றாண்டுகளாக நடந்த வணிகப் போக்குவரத்தில் தேங்காய்ப்பாலும் மாசிக் கருவாடும் இரு கரைக்கும் பொதுவாயின. இடியாப்பத்துக்கும் மீன் ஆணத்துக்கும் (குழம்புக்கும்) தேங்காய்ப்பால் இல்லாமல் முடியாது. அதனால் இந்தக் கரையில் உணவு விவாதம் தேங்காயில்தான் சூடு பிடிக்கிறது.

தற்காப்பு வாதத்தின் பெரிய சாட்சி பசிபிக் தீவுகள். டோக்கலாவ் தீவினர் ஆற்றலில் ஏறத்தாழ 63 விழுக்காட்டையும் புகாபுகா தீவினர் 34 விழுக்காட்டையும் தேங்காயிலிருந்து பெற்றனர் என்றும், இரு தீவுகளிலும் இதய நோய் அரிது என்றும் பிரையரும் குழுவினரும் 1981இல் எழுதினார்கள். அங்கே தேங்காயோடு சேர்ந்து உண்ணப்பட்டவை மீனும் கிழங்கும். தீட்டிய அரிசியும் சீனியும் பொரித்த பண்டமும் கொஞ்சம். அதே கட்டுரையில் டோக்கலாவ் மக்களின் கொலஸ்ட்ரால் அதிகம் என்பதும் இருக்கிறது, தேங்காய்ப் பிரியர்கள் அதை மேற்கோள் காட்டுவதில்லை. கேரளத்தில் 1997இல் வந்த ஓர் ஒப்பீடு, நோயாளிகளும் நோயற்றவர்களும் உண்ட தேங்காய் அளவில் வேறுபாடு இல்லை என்றது. மொத்தமே ஐம்பதுக்கும் குறைவானவர்கள். கொச்சியில் 200 இதய நோயாளிகளிடம் தேங்காயெண்ணெயையும் சூரியகாந்தி எண்ணெயையும் இரண்டு ஆண்டுகள் ஒப்பிட்ட சோதனையும் 2016இல் வேறுபாடு காணவில்லை. ஆனால் அவர்கள் மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் உட்கொள்பவரின் இரத்தத்தில் எண்ணெயின் விளைவைத் தேடுவது கடினம்.

குற்றச்சாட்டுத் தரப்பின் சான்று இதைவிடத் திடமானது. சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 16 சோதனைகளைத் தொகுத்து 2020இல் வெளியிட்ட பகுப்பாய்வில், மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிடத் தேங்காயெண்ணெய் எல்.டி.எல். அளவை டெசிலிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குச் சற்று மேல் உயர்த்தியது, எச்.டி.எல். 4 மில்லிகிராம் உயர்ந்தது. எல்.டி.எல். உயர்வு நல்லதல்ல என்பதில் இன்று பெரிய சர்ச்சை இல்லை. ஆயினும் சோதிக்கப்பட்டது எண்ணெய். துருவிய தேங்காயும் பிழிந்த பாலும் மீனோடும் புளியோடும் வயிற்றுக்குள் போகும்போது அதே விளைவுதானா என்பதை அந்த எண்கள் தீர்க்கவில்லை. வீட்டுச் சமையலில் தேங்காயைச் சந்தேகத்தின் பலனோடு வைத்துக்கொள்ளலாம், பொரிக்கும் எண்ணெயாக அதைப் புகழ்வதற்கு ஆதாரம் இல்லை என்பது இக்கட்டுரையின் கணிப்பு.

இந்தச் சண்டையின் இரைச்சலில் இன்னொரு எண்ணெய் சத்தமில்லாமல் அடுப்படிக்கு வந்துவிட்டது. 2007 முதல் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் சலுகை விலையில் பாமாயில் கிடைக்கிறது. அதன் கொழுப்பில் ஐந்தில் இரண்டு பங்குக்குக் குறையாமல் நிறைவுற்றது. ஏழை வீட்டின் இதயத்தைப் பற்றிப் பேசுபவர்கள் ஆலிவை விட்டுவிட்டு இதைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். நல்லெண்ணெயில் நிறைவுறாக் கொழுப்பே மிகுதி. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000களில் நடத்திய சோதனைகள், மருந்தோடு நல்லெண்ணெய் சேர்த்தவர்களின் இரத்த அழுத்தம் இறங்கியதாகக் காட்டின. சில வாரங்களே நீண்ட சிறிய சோதனைகள் அவை. ஆலிவுக்கு ஸ்பெயின் செலவழித்த பணத்தில் ஒரு துளி எள்ளுக்குச் செலவாகவில்லை.

சாளையும் கருவாடும்

மீன் விஷயத்தில் இந்தக் கரை கிரீட்டைவிட வசதியானது. சாளை, அயிலை, சூரை போன்ற எண்ணெய்ச் சத்துள்ள மீன்களே விலை மலிவு. சீலாவுக்கும் விளைமீனுக்கும் இருக்கும் மதிப்பு சாளைக்கு இல்லை, ஒமேகா-3 கொழுப்பு சாளையில்தான் அதிகம்.

வேல்ஸில் மாரடைப்பு வந்த 2,033 ஆண்களிடம் நடந்த சோதனை 1989இல் வெளியானது. எண்ணெய் மீன் உண்ணச் சொல்லப்பட்டவர்களில் இரண்டாண்டு மரணம் 29 விழுக்காடு குறைவு. அதே ஆய்வாளர்கள் நெஞ்சுவலி நோயாளிகளிடம் பின்னர் நடத்திய சோதனையில் அந்தப் பயன் கிடைக்கவில்லை. மீன் எண்ணெய் மாத்திரைகளின் கதையும் இப்படியே ஏறி இறங்குகிறது. 58 நாடுகளின் ஏறத்தாழ 1,91,000 பேரின் தரவைச் சேர்த்து 2021இல் வந்த பகுப்பாய்வு, பயன் யாரிடம் தெரிகிறது என்பதைப் பிரித்துக் காட்டுகிறது. ஏற்கெனவே இரத்தநாள நோய் உள்ளவர்களுக்கு வாரம் இரண்டு முறை மீன் உண்பது குறைந்த ஆபத்தோடு சேர்ந்து காணப்பட்டது. நோயற்றவர்களிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை.

இங்கே மத்தியதரைக் கடல் மதிப்பெண் முறைகள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. மீன் என்றால் அவற்றுக்கு ஒரு மதிப்பெண். ஆணத்தில் கொதித்த சாளையும், எண்ணெயில் முறுகப் பொரித்த சாளையும், உப்பில் ஊறிய கருவாடும் ஒரே கட்டத்தில் விழுகின்றன. தூத்துக்குடி நாட்டின் பெரிய உப்பளக் கரைகளில் ஒன்று. உப்பும் மீனும் இங்கே பிரிக்க முடியாதவை. நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயும் சேர்ந்த ஒரு நாளில் அந்த எல்லைக்குள் நிற்பது அரிது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. பச்சை மீனின் வரத்து குறையும் அந்த 61 நாட்களில் கருவாட்டின் பங்கு கூடினால், ஒரே குடும்பத்தின் மீன் உணவு ஆண்டுக்குள்ளேயே இரண்டு வேறு உணவுகளாகிவிடும். ஒரு முறை மட்டும் கேள்வித்தாள் நீட்டும் ஆய்வுக்கு இது பிடிபடாது.

சோற்றின் அளவு

இந்தியத் தரவுகளில் மிக நிலையாகத் திரும்பி வரும் செய்தி தேங்காயைப் பற்றியதல்ல, தீட்டிய தானியத்தைப் பற்றியது. சென்னையில் நடந்த கியூர்ஸ் ஆய்வு, வெள்ளை அரிசி முதலான தீட்டிய தானியத்தை மிகுதியாக உண்பவர்களிடம் வளர்சிதை மாற்றக் கோளாறு அதிகம் என்று 2009இல் காட்டியது. 21 நாடுகளைக் கொண்ட ப்யூர் ஆய்வின் 2020ஆம் ஆண்டுக் கட்டுரையில் வெள்ளை அரிசிக்கும் சர்க்கரை நோய்க்கும் உள்ள தொடர்பு தெற்காசியாவில்தான் மிக வலுவாக இருந்தது. இந்தியரின் ஆற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு. கிரீட்டின் பழைய உணவில் இந்த இடத்தின் ஒரு பகுதியை எண்ணெயும் பருப்பு வகைகளும் பிடித்திருந்தன.

இவையும் பெரும்பாலும் தொடர்புகளே. சோறு மிகுதியாக உண்பவர் ஏழையாகவும் இருப்பார், காயும் மீனும் குறைவாக உண்பவராகவும் இருப்பார். எனினும் இந்தியரிடம் பொதுவாகக் காணப்படும் இரத்தப் படம், அதாவது உயர்ந்த ட்ரைகிளிசரைடு, தாழ்ந்த எச்.டி.எல்., வயிற்றுக் கொழுப்பு, சோற்று மிகுதியோடு பொருந்திப்போகிறது. சோற்றின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சிறிய சான்றும் உண்டு. சென்னையில் சர்க்கரை நோயுள்ள 300 பேரிடம் 12 வாரம் நடந்த சோதனையில், தினம் 30 கிராம் முந்திரிப் பருப்பு உண்டவர்களின் எச்.டி.எல். உயர்ந்தது, இரத்த அழுத்தம் சற்று இறங்கியது. 2018இல் வந்த இந்த முடிவைப் பிரெடிமெட்டின் கொட்டைக் குழுவோடு சேர்த்துப் படிக்கலாம். மாரடைப்பு குறையும் என்று சொல்ல 12 வாரம் போதாது.

களறியும் கஞ்சியும்

யுனெஸ்கோ 2010இல் மத்தியதரைக் கடல் உணவைப் பண்பாட்டு மரபாக அறிவித்தபோது சத்துப் பட்டியலோடு நிற்கவில்லை. சேர்ந்து சமைப்பது, சேர்ந்து உண்பது, விழாவும் விரதமும் எல்லாம் அதில் அடங்கும். காயல்பட்டினத்துக்கு இந்தக் கோணம் இயல்பாகப் பொருந்துகிறது. திருமணத்துக்குப் பின் மாப்பிள்ளை பெண் வீட்டில் வாழும் வழக்கம் இங்கே உண்டு. தாயின் அடுப்படியிலேயே மகளும் சமைக்கிறாள், கைப்பக்குவம் வீடு மாறுவதில்லை. சஹனைச் சுற்றிச் சிலர் சேர்ந்து அமர்ந்து உண்ணும் வழக்கமும் இருக்கிறது. ஆனால் அந்தச் சஹனில் வருவது பெரும்பாலும் களறிச் சாப்பாடு: நெய்ச்சோறு, ஆட்டுக்கறி, கத்திரிக்காய். கூடி உண்பது நன்மை என்ற கோட்பாட்டை இது சோதிக்கிறது, ஏனென்றால் இங்கே கூட்டமும் கொழுப்பும் ஒன்றாக வருகின்றன.

களறி விருந்துணவு. கல்யாணத்துக்கும் விசேஷத்துக்கும் உரியது. அன்றாடம் ஆணமும் சோறும்தான். கிரீட்டிலும் இறைச்சி விழா நாளுக்கே உரியதாக இருந்தது. அங்கே 1960களுக்குப் பின் வசதி வந்தது, ஆண்களின் எடையும் கொலஸ்ட்ராலும் ஏறின. வளைகுடா, ஹாங்காங், சிங்கப்பூர்ச் சம்பாத்தியம் வந்த ஊரில் விருந்துணவு அன்றாடத்துக்குள் நுழைந்திருந்தால், கேடு செய்வது பண்டமல்ல, விருந்தையும் அன்றாடத்தையும் பிரித்த அடுக்கின் குலைவு. இதை ஒரு கருதுகோளாக முன்வைக்கலாம், அதற்கு மேல் அழுத்த முடியாது.

நோன்பும் அப்படியே. கிரீட்டின் தவக்காலம் இறைச்சியை விலக்கியது, ரமலான் நோன்பு நேரத்தை விலக்குகிறது. பகலெல்லாம் ஒன்றும் இல்லை, மாலையில் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியோடு பொரித்த வாடாவும் வருகிறது. லண்டனில் நடந்த ஒரு ஆய்வு நோன்பு மாதத்தில் இரத்த அழுத்தம் சற்று இறங்குவதாகக் கண்டது. எடை குறைவதும் பின்னர் திரும்புவதும் பல ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. ஒரு மாத மாற்றம் இதயத்துக்கு ஆண்டுக் கணக்கில் உதவுமா என்பதற்கு இவை பதிலல்ல. இன்னொரு சிறு செய்தி: பிரெடிமெட்டின் 14 கேள்வி மதிப்பெண் தாளில் திராட்சை மதுவுக்கு ஒரு மதிப்பெண் உண்டு. இந்த ஊரார் அந்த ஒன்றை எப்போதும் இழப்பார்கள், அதனால் அவர்கள் இதயம் மோசமாகிவிடாது. மதிப்பெண் தாள் ஒரு நாட்டின் பழக்கத்தைப் பிரதி எடுக்கிறது, பாதுகாப்பின் காரணத்தை அல்ல.

இன்னும் திறந்திருப்பவை

பாதுகாப்புக்கான சான்று ஓரளவு உறுதியாக நிற்பது ஒரு மாற்றத்துக்கு: நிறைவுற்ற கொழுப்பின் இடத்திலும் தீட்டிய மாவின் இடத்திலும் நிறைவுறாக் கொழுப்பு, பருப்பு, கொட்டை, காய் வருவது. ஆலிவ் அந்த மாற்றத்தின் ஒரு வட்டார வடிவம். அதே இடத்தை இங்கே நல்லெண்ணெயும் கடலையும் சாளையும் பிடிக்க முடியுமா என்பது உயிரியல் அடிப்படையில் ஏற்கத்தக்க ஊகம். ஆனால் தமிழ்க் கடலோர உணவைக் கொண்டு, மாரடைப்பையே அளவுகோலாக வைத்து, பிரெடிமெட் அளவில் ஒரு சோதனை நடக்கவில்லை. கொலஸ்ட்ரால் எண்ணிலிருந்து மாரடைப்பு வரை உள்ள தூரத்தை ஊகத்தால் தாண்டக் கூடாது என்பதை இந்தத் துறையின் வரலாறே பலமுறை காட்டியிருக்கிறது.

தேங்காய்ப்பாலின் தனி விளைவு, கருவாட்டு உப்பு மீனின் பயனை எவ்வளவு கரைக்கிறது, சோற்றைக் குறைத்தால் அந்த இடத்தில் குடும்பங்கள் உண்மையில் எதை வைப்பார்கள் என்பவை தீராதவை. கடைசிக் கேள்வி ஆய்வாளர்கள் நினைப்பதைவிடக் கடினம், ஏனென்றால் அது கடை விலையையும் ரேஷன் அட்டையையும் பொறுத்தது. அப்படியொரு சோதனை நடந்தால் முதலில் தீர்க்க வேண்டியது, ஒப்பீட்டுக் குழுவின் தட்டில் எதை வைப்பது என்பது. பாமாயிலும் புரோட்டாவும் கலந்த இன்றைய உணவா, கொழுப்பைக் குறையுங்கள் என்ற பொது அறிவுரையா, நல்லெண்ணெய் ஆணமும் எப்போதாவது களறியுமாக இருந்த பழைய வழக்கமா? மூன்றில் எதைத் தேர்ந்தாலும் முடிவு வேறாகத்தான் வரும்.